பணம் கட்டியவர் யார், கட்டாதவர் யார்: பதிவுக் கட்டணக் க்வெரிகள் தப்பும் இடங்கள்

பிள்ளைகளுக்கான சதுரங்கப் போட்டிகளில் பதிவுக் கணக்கு பார்க்கும் வேலை சில வருடங்களாக என் தலையில்தான். நுழைவுக் கட்டணம் 500, மதியச் சாப்பாட்டுக் கூப்பன் 100. கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் முதல் சுற்றுக்கு பேரிங் (யாருக்கு எதிரே யார் என்ற ஜோடிப் பட்டியல்) போடும் முன், பணம் கட்டியவர்கள் பட்டியல் ஒன்று சரியாக வந்தாக வேண்டும். அது தப்பினால் பணம் கட்டிய பிள்ளை வாசலில் அழுதுகொண்டு நிற்கும். கட்டாமல் வீட்டில் தூங்கும் பிள்ளையின் பெயர் பேரிங்கில் ஏறி, எதிரே உட்கார்ந்தவன் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டுவான்.

நான் பார்த்தவரை க்வெரி (டேட்டாபேஸிடம் நாம் கேட்கும் கேள்வி) எர்ரர் காட்டி நின்றால் நல்லது, அன்றே சரிசெய்துவிடலாம். எர்ரர் இல்லாமல் தப்பான எண்ணைக் காட்டும்போதுதான் மாட்டிக்கொள்கிறோம். அதனால் இங்கே நோயைச் சொல்லாமல் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

மூன்று டேபிள் என்று வைத்துக்கொள்வோம். 'பதிவு': ஒரு பிள்ளைக்கு ஒரு வரி, பதிவு உறுதியானால் அதன் நிலை 'உறுதி'. 'ரசீது': பணம் செலுத்த நடந்த ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி, தோற்ற முயற்சியும் சேர்த்து, அதன் நிலை 'வெற்றி' அல்லது 'தோல்வி'. 'கூடுதல்': சாப்பாட்டுக் கூப்பன் போல தனியாக வாங்கியவை. கட்டளைச் சொற்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் போடுங்கள். டேபிள் பெயரும் புலத்தின் (நெடுவரிசையின்) பெயரும் தமிழிலேயே இருக்கலாம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் மென்பொருளுமே மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

"வங்கியில் வந்ததைவிட வசூல் அதிகமாகக் காட்டுகிறது"

ஏறக்குறைய எல்லோரும் முதலில் இப்படித்தான் எழுதுவார்கள் (சம் என்றால் கூட்டுவது, ஜாயின் என்றால் இரண்டு டேபிளைப் பொதுவான ஒரு எண்ணால் இணைப்பது):

செலக்ட் சம்(ர.தொகை)
ஃப்ரம் பதிவு ப
ஜாயின் ரசீது ர ஆன் ர.பதிவு_எண் = ப.எண்
ஜாயின் கூடுதல் கூ ஆன் கூ.பதிவு_எண் = ப.எண்;

ஒரே ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டு கையால் போட்டுப் பாருங்கள். கட்டணம் 500. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் இரண்டு கூப்பன், 200. அப்பா முதலில் 500 அனுப்பிவிட்டு, இரண்டு நாள் கழித்து 200 அனுப்புகிறார். ஆக ரசீதில் 2 வரி, கூடுதலில் 2 வரி. ஜாயின் செய்தால் ஒவ்வொரு ரசீதும் ஒவ்வொரு கூப்பனோடும் ஜோடி சேரும்: 4 வரி. 500 இரண்டு முறை, 200 இரண்டு முறை. 700 வந்த இடத்தில் 1400 காட்டும்.

இதே க்வெரி இன்னொரு வேலையும் செய்கிறது. கூப்பனே வாங்காத பிள்ளைக்குக் கூடுதலில் வரி கிடையாது. அதனால் அந்தப் பிள்ளை கட்டிய 500 மொத்தத்திலிருந்தே காணாமல் போகிறது. ஒரு பக்கம் இரட்டிப்பு, மறுபக்கம் விடுபடல். இரண்டும் ஈடுகட்டிக்கொண்டு மொத்தம் ஏறக்குறைய சரியாக வந்து நின்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எனக்கு அப்படி ஒரு வருடம் போயிருக்கிறது.

இதற்கு டிஸ்டிங்ட் போடச் சொல்லிப் பலர் வருவார்கள். போடாதீர்கள். சம்(டிஸ்டிங்ட் தொகை) என்றால் ஒரே மாதிரியான தொகைகளை ஒரு முறைதான் கூட்டும். 300 பிள்ளைகள் ஆளுக்கு 500 கட்டியிருந்தால் மொத்த வசூல் 500 ரூபாய் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

சரியான வழி, ஜாயினுக்கு முன்பே கூட்டிவிடுவது. ஒவ்வொரு டேபிளையும் 'ஒரு பிள்ளைக்கு ஒரு வரி' என்ற அளவுக்கு குரூப் பை போட்டுச் சுருக்கி, அப்புறம் லெஃப்ட் ஜாயினால் இணையுங்கள். சாதா ஜாயின் போல இல்லாமல், ஜோடி கிடைக்காத பதிவு வரியையும் அது விடாது:

செலக்ட் ப.எண், ப.பெயர்,
ப.கட்டணம் + கோலெஸ்(கூ.மொத்தம், 0) ஆஸ் வரவேண்டியது,
கோலெஸ்(ர.மொத்தம், 0) ஆஸ் வந்தது
ஃப்ரம் பதிவு ப
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் பதிவு_எண், சம்(தொகை) ஆஸ் மொத்தம் ஃப்ரம் ரசீது வேர் நிலை = 'வெற்றி' குரூப் பை பதிவு_எண்) ர ஆன் ர.பதிவு_எண் = ப.எண்
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் பதிவு_எண், சம்(விலை) ஆஸ் மொத்தம் ஃப்ரம் கூடுதல் குரூப் பை பதிவு_எண்) கூ ஆன் கூ.பதிவு_எண் = ப.எண்
வேர் ப.நிலை = 'உறுதி';

கோலெஸ் எதற்கு என்றால், ரசீதே இல்லாத பிள்ளைக்கு மொத்தம் 0 என்று வராது, நல் (மதிப்பே இல்லை என்பதற்கான குறி) என்று வரும்; அந்த இடத்தில் கோலெஸ் 0 போடும். அது இல்லாமல் வரவேண்டியதிலிருந்து வந்ததைக் கழித்துப் பாக்கி பார்த்தால், 500 கழித்தல் நல் என்றால் விடையும் நல்தான். பாக்கி புலம் காலியாக நிற்கும். பாக்கி 0-க்கு மேல் இருப்பவர்களைக் கேட்டால், மிக அதிகமாகப் பாக்கி வைத்திருப்பவர்களே விடுபட்டுப் போவார்கள்.

முடிவைச் சரிபார்க்க ஒரே சோதனை போதும். க்வெரி தந்த வரிகளின் எண்ணிக்கையும், பதிவு டேபிளில் 'உறுதி' நிலையில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு வரி கூடினாலும் எங்கோ ஜாயின் பெருகிவிட்டது என்று அர்த்தம். இந்தச் சோதனையை நான் தொகையைப் பார்ப்பதற்கு முன்பே செய்துவிடுவேன்.

"பணம் கட்டாதவர்கள் பட்டியல் காலியாக வருகிறது"

முப்பது பேராவது பாக்கி என்று நன்றாகத் தெரியும். ஆனால் க்வெரி ஒரு வரிகூடத் தராது. எழுதியது பெரும்பாலும் இதுவாக இருக்கும்:

செலக்ட் பெயர் ஃப்ரம் பதிவு
வேர் எண் நாட் இன் (செலக்ட் பதிவு_எண் ஃப்ரம் ரசீது);

ரசீது டேபிளில் பதிவு_எண் நல் ஆக ஒரே ஒரு வரி இருந்தால் போதும், மொத்தப் பட்டியலும் காலி. மேசையில் ஒட்டிய க்யூஆர் கோடில் யாரோ 500 போட்டுவிட்டுப் பெயர் சொல்லாமல் போயிருப்பார். அந்த வரி யாருடையது என்று தெரியாமல் எண் இடாமல் சேர்த்திருப்பீர்கள். அந்த வரிதான்.

ஏன் என்பதற்குப் பள்ளிக்கூட உதாரணம் ஒன்று. தேர்வு முடிந்து விடைத்தாள்களை அடுக்குகிறீர்கள். ஒரு தாளில் மட்டும் பெயர் இல்லை. இப்போது "தேர்வு எழுதாதவர்கள் யார் யார் என்று சத்தியம் பண்ணிச் சொல்லு" என்றால் எவர் பெயரையும் உறுதியாகச் சொல்ல முடியாது, அந்தப் பெயரில்லாத தாள் அவருடையதாக இருக்கலாம். டேட்டாபேஸும் அப்படியே யோசிக்கிறது. நல் என்றால் அதற்குத் 'தெரியாது'. தெரியாத ஒன்று பட்டியலில் இருக்கும்வரை 'இதில் இல்லை' என்று அது யாரையும் கைகாட்டாது.

நாட் இன்-ஐ விட்டுவிட்டு நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள்:

செலக்ட் ப.பெயர், ப.கைபேசி ஃப்ரம் பதிவு ப
வேர் ப.நிலை = 'உறுதி'
ஆண்ட் நாட் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் ரசீது ர வேர் ர.பதிவு_எண் = ப.எண் ஆண்ட் ர.நிலை = 'வெற்றி');

கடைசியில் உள்ள நிலை = 'வெற்றி' என்பதை மறந்தால் அடுத்த அறிகுறி வரும்.

"பட்டியல் வருகிறது, ஆனால் சிலர் விடுபடுகிறார்கள்"

முயற்சி செய்து தோற்றவர்கள்தான் விடுபடுவார்கள். யுபிஐ பின் தப்பாகப் போட்டு, 'தோல்வி' நிலையில் ஒரு ரசீது வரி மட்டும் உள்ள பிள்ளைக்கு, லெஃப்ட் ஜாயினில் ஒரு ஜோடி கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு வேர் ர.எண் ஈஸ் நல் என்று கேட்டால் அவன் அதில் வரமாட்டான். அதைச் சரிசெய்யப் போய் வேர் ர.நிலை = 'வெற்றி' என்று சேர்த்தால் இன்னும் மோசம்: ரசீதே இல்லாதவர்களின் நிலை நல், அவர்களும் கழன்றுவிடுவார்கள். லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருப்பீர்கள், வேலை செய்வது சாதா ஜாயின்.

நிலை பற்றிய நிபந்தனை ஆன் பகுதிக்குள் போக வேண்டும்: ஆன் ர.பதிவு_எண் = ப.எண் ஆண்ட் ர.நிலை = 'வெற்றி'. பிறகு வேர் ர.எண் ஈஸ் நல். அவ்வளவுதான்.

இதற்குப் பக்கத்து வீட்டுப் பிழை ஒன்று: எத்தனை ரசீது என்று எண்ண கவுன்ட்(*) போட்டால், ரசீதே இல்லாத பிள்ளைக்கும் 1 என்று வரும், ஏனென்றால் அந்தப் பிள்ளையின் வரி ஒன்று அங்கே இருக்கிறதே. கவுன்ட்(ர.எண்) என்று கேளுங்கள், 0 வரும்.

"சார், நேத்து நைட்டே போட்டாச்சு. லிஸ்ட்ல இல்லைங்கறாங்க"

போட்டி நாள் காலை எட்டு மணிக்கு வரும் அறிகுறி இது. அப்பா கையில் போன், திரையில் பச்சை டிக். பிள்ளை பின்னால் செஸ் போர்டுப் பையோடு. இந்த நேரத்தில் ஜாயின் எதுவும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் உள்ள 12 இலக்க யுடிஆர் எண்ணை (பணப் பரிமாற்றத்தின் குறிப்பு எண்) வாங்கி ரசீது டேபிளில் மட்டும் தேடுங்கள்.

கிடைத்தால், பணம் வந்திருக்கிறது, ஆள்தான் மாறியிருக்கிறார். பதிவு_எண் நல் ஆக இருக்கும், இல்லையென்றால் அண்ணனுக்கோ தங்கைக்கோ போயிருக்கும். எங்கள் பக்கம் இதுதான் அதிகம்: இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே 1000. ரசீது டேபிளில் ஒரு பதிவு_எண்ணுக்குத்தான் இடம். மூத்தவன் பெயரில் 500 மிகையாகவும், இளையவள் பெயரில் 500 பாக்கியாகவும் நிற்கும். வந்தது, வரவேண்டியதைவிட அதிகமாக உள்ள வரிகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட வீடுகள் வரிசையாகத் தெரியும். அதே கைபேசி எண்ணில் பாக்கி உள்ள இன்னொரு பதிவைத் தேடினால் ஜோடி கிடைத்துவிடும்.

நிலையான தீர்வு, 'பங்கீடு' என்று நான்காவது டேபிள்: ரசீது எண், பதிவு எண், அதில் எவ்வளவு. 1000 ரூபாய் ரசீதுக்கு அதில் இரண்டு வரி, ஆளுக்கு 500. ரசீதிலிருந்து பதிவு_எண்ணை எடுத்துவிட்டு, வசூல் கணக்கை ரசீதிலும், ஆளுக்கான பாக்கியைப் பங்கீட்டிலும் பாருங்கள். முதல் வருடமே இதைச் செய்திருந்தால் எனக்கு எத்தனையோ காலைகள் நிம்மதியாகப் போயிருக்கும்.

கைபேசி எண்ணை வைத்து இணைக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் +91 போட்டு எழுதுவார், ஒருவர் முன்னால் 0 சேர்ப்பார், ஒருவர் நடுவில் இடைவெளி விடுவார். கண்ணுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு மூன்று. இடைவெளியை நீக்கிக் கடைசிப் பத்து இலக்கத்தை ஒப்பிடுங்கள்: ரைட்(ரீப்ளேஸ்(கைபேசி, ' ', ''), 10). போஸ்ட்கிரெஸில் மின்னஞ்சலை ஒப்பிட்டால் இரண்டு பக்கமும் லோயர் போடுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான அமைப்பு பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காது, போஸ்ட்கிரெஸ் பார்க்கும்.

யுடிஆர் எண்ணே கிடைக்கவில்லை என்றால், முதலில் எக்செலைச் சந்தேகப்படுங்கள். வங்கி அறிக்கையை யாராவது எக்செலில் திறந்து, சிஎஸ்வி ஆகச் சேமித்து உங்களுக்கு அனுப்பியிருந்தால், அந்த 12 இலக்கம் 4.31இ+11 என்று சுருங்கியிருக்கும். சேமித்த கோப்பில் மீதி இலக்கங்கள் போனது போனதுதான், திரும்ப வராது. மூலக் கோப்பை வாங்கி, அந்தப் புலத்தை டெக்ஸ்ட் என்று குறித்து இறக்குமதி செய்யுங்கள். டேபிளிலும் அது எழுத்துப் புலமாகவே இருக்கட்டும். அதைக் கூட்டிக் கழிக்கப் போகிறோமா என்ன?

மூலக் கோப்பிலும் இல்லையென்றால் பேமென்ட் கேட்வேயின் (இணையத்தில் பணத்தை வசூலித்து நமக்கு அனுப்பும் சேவை) திரையில் பாருங்கள். பணம் எடுக்க அனுமதி கிடைத்து, வசூலாக்கும் படி நடக்காமல் நிற்கும் முயற்சிகள் அங்கே தெரியும். அவை பிறகு தானாகத் திரும்பிப் போய்விடும். பிள்ளையை உள்ளே விட்டுவிடுங்கள். கணக்கை மதியம் பார்த்துக்கொள்ளலாம்.

"நாள்வாரிக் கணக்கு ஒத்துவரவில்லை"

ஜூன் 30 வரை 400, பிறகு 500 என்று சலுகை வைத்திருக்கிறீர்கள். வேர் நேரம் பிட்வீன் '2025-06-01' ஆண்ட் '2025-06-30' என்று எழுதினால், கடைசி நாள் முழுவதும் விடுபடும். நேரம் குறிப்பிடாத தேதியை டேட்டாபேஸ் அன்று நள்ளிரவு 00:00 என்று எடுத்துக்கொள்ளும். நம் ஆட்கள் எல்லோரும் கடைசி நாளில்தான் கட்டுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். 'ஜூன் 1-க்குச் சமமாக அல்லது மேல், ஜூலை 1-க்குக் கீழ்' என்று எழுதுங்கள், பிட்வீன் வேண்டாம்.

அப்படி எழுதியும் தப்பினால், சர்வர் நேரம் யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) இருக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். ஜூலை 1 அதிகாலை 12 முதல் 5.30 வரை கட்டியவர்கள் அங்கே ஜூன் 30 ஆகவே தெரிவார்கள், சலுகையும் வாங்கிக்கொள்வார்கள். யுடிசி-யில் உங்கள் எல்லைகள் '2025-05-31 18:30:00' முதல் '2025-06-30 18:30:00' வரை, அந்தக் கடைசி நொடி சேராமல்.

மைஎஸ்க்யூஎல்லில் யுடிசி-யை நம் நேரமாக மாற்ற கன்வெர்ட்_டிஇசட் பயன்படுத்தி 'ஏசியா/கொல்கத்தா' என்று ஊர்ப் பெயர் கொடுத்தால் சில சர்வர்களில் எல்லாமே நல் ஆக வரும். ஊர்களின் நேர டேபிள்களை யாரும் அந்த சர்வரில் ஏற்றவில்லை என்று பொருள். '+00:00', '+05:30' என்று எண்ணாகக் கொடுத்தால் வேலை நடக்கும். கோடை நேரம் என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இந்தியாவில் இல்லை, அதனால் இந்தக் குறுக்கு வழியில் நமக்குத் தப்பு வராது.

"க்வெரி சரி, ஆனால் வங்கியில் குறைவாக இருக்கிறது"

இது பெரும்பாலும் பிழையே இல்லை. கேட்வே தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் அனுப்பும். 2 சதவீதம் என்று வைத்தால் 500-க்கு 10 ரூபாய், அந்தப் பத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1.80, கையில் வருவது 488.20. 300 பிள்ளைகளுக்கு 1,50,000 வசூல், வங்கியில் 1,46,460. அதுவும் அன்றே வராது. இடையில் விடுமுறை வந்தால் இன்னும் தள்ளும். மொத்தம், கேட்வே கட்டணம், ஜிஎஸ்டி, கைக்கு வந்தது என நான்கு புலம் வையுங்கள். வங்கி வரவோடு கடைசிப் புலத்தை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிழையாகவும் இருக்கலாம், அதன் அடையாளம் இது: யாரோ ஒரு பிள்ளை 50,000 கட்டியதாகக் காட்டும். ரேஸர்பே போன்ற கேட்வேக்கள் தொகையைப் பைசாவில் தரும். நீங்கள் கையில் வாங்கிய ரொக்கத்தை ரூபாயில் தட்டியிருப்பீர்கள். எல்லாவற்றையும் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள், காட்டும்போது மட்டும் 100-ஆல் வகுங்கள். போஸ்ட்கிரெஸில் அங்கேயும் கவனம்: 48820-ஐ 100-ஆல் வகுத்தால் முழு எண் 488 தான் தரும், 20 பைசா போய்விடும். 100.0 என்று எழுதுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் பழைய ரசீதின் நிலையை மாற்றாதீர்கள். கழித்தல் தொகையோடு, 'வெற்றி' நிலையிலேயே புது வரி ஒன்று சேருங்கள். இல்லையென்றால் ஜூனில் வந்த பணம் ஜூலையில் திரும்பிப் போனதும், ஜூன் கணக்கு பின்னோக்கி மாறும். கணக்குப் பிள்ளை உங்களிடம் பேசமாட்டார்.

"ஒரே பணம் இரண்டு முறை பதிவாகியிருக்கிறது"

குறிப்பு எண்ணைப் பாருங்கள். இரண்டு வரியிலும் ஒரே எண் என்றால் பணம் ஒரு முறைதான் வந்திருக்கிறது. பணம் வந்ததும் கேட்வே உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் வெப்ஹுக் செய்திதான் இரண்டு முறை வந்திருக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து பதில் தாமதமானால் அது திரும்பவும் அனுப்பும், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். குறிப்பு_எண் புலத்துக்கு யுனிக் கட்டுப்பாடு போட்டுவிட்டால் இரண்டாவது வரி ஏறவே ஏறாது. ரொக்க ரசீதுக்கு எண் இல்லையே என்று கவலை வேண்டாம், யுனிக் புலத்தில் நல் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். எண்கள் வேறு வேறு என்றால் அப்பா நிஜமாகவே இரண்டு முறை அழுத்தியிருக்கிறார், திருப்பிக் கொடுங்கள்.

"1055 என்று எர்ரர் வருகிறது"

மைஎஸ்க்யூஎல் 5.7-லிருந்து இது வழக்கம். குரூப் பை-யில் சொல்லாத புலத்தை செலக்டில் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கண்டிப்பை அணைத்துவிட யாராவது வழி சொல்வார்கள். அணைத்தால் அந்தக் குழுவிலிருந்து ஏதோ ஒரு வரியின் மதிப்பை எடுத்துக் காட்டும், எதை என்று உறுதி கிடையாது. புலத்தை குரூப் பை-யில் சேருங்கள்.

"ஒருவருக்கு 'கட்டியாச்சு' போட்டேன், எல்லோருக்கும் ஆகிவிட்டது"

வேர் இல்லாமல் அப்டேட் ஓடிவிட்டது. ஸ்டார்ட் டிரான்ஸாக்ஷன் போட்டுத் தொடங்கியிருந்தால் ரோல்பேக் என்று அடித்துத் தப்பிக்கலாம். தொடங்கவில்லை என்றால் காப்புப் பிரதியைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் ரசீது டேபிள்தான் துணை. 'கட்டியாச்சு' என்பதைப் பதிவு டேபிளில் தனிப் புலமாக வைப்பதே எனக்குப் பிடிக்காது. ரசீதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்றால் கெட்டுப்போக அங்கே ஒன்றும் இருக்காது.

இனிமேல் நடக்காமலிருக்க, மைஎஸ்க்யூஎல் கிளையன்டைத் திறக்கும்போது சேஃப்-அப்டேட்ஸ் என்ற விருப்பத்தைச் சேருங்கள். அதற்கு அவர்களே வைத்த இன்னொரு பெயர் 'ஐ-ஆம்-எ-டம்மி'. கூச்சப்படாமல் அதையே தட்டலாம். வேர் பகுதியில் சாவிப் புலமோ (பதிவு எண் போல வரியை அடையாளம் காட்டுவது), கடைசியில் இத்தனை வரிதான் என்ற லிமிட்டோ இல்லாத அப்டேட்டை அது ஓடவிடாது. ஒன்று மட்டும் கவனம்: அந்த விருப்பம் போட்ட ஜன்னலில் செலக்ட் முடிவும் 1000 வரியோடு நின்றுவிடும், அதனால் பெரிய போட்டியின் பட்டியலை வேறு ஜன்னலில் எடுத்துக்கொள்ளுங்கள்.